துறைத் தலைவருக்கு எதற்கு நேரம் வேண்டும்?

ஒரு பள்ளிக்குப் புதுத் தலைமையாசிரியர் வந்தால் காவலாளி முதல் பெற்றோர் வரை எல்லோருக்கும் தெரிந்துவிடும். கணிதத் துறைத் தலைவர் மாறினால் அந்தச் செய்தி ஆசிரியர் அறையைத் தாண்டாது. ஆனால் பின்னத்தை எந்தப் படத்தோடு தொடங்குவது, குறை எண்களுக்கு எத்தனை பீரியட் ஒதுக்குவது, தேர்வில் எந்த மாதிரிக் கேள்வி கேட்பது என்பதையெல்லாம் தீர்மானிப்பதில் இந்த இரண்டாமவருக்கே அதிகப் பங்கு. குழந்தையின் நோட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், அதில் இவருடைய முடிவுகள்தான் நிறைய இருக்கும்.

துறைத் தலைவர், பாட ஒருங்கிணைப்பாளர், ஒரு வகுப்பின் எல்லாப் பிரிவுகளுக்கும் பொறுப்பாக இருப்பவர், தேர்வுப் பொறுப்பாளர், கூடுதல் கவனம் தேவைப்படும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் என்று பள்ளியின் நடுவில் பலர் இருக்கிறார்கள். பெயர் பள்ளிக்குப் பள்ளி மாறும். இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக உள்ள விஷயம், இன்னும் தினமும் வகுப்பெடுக்கிறார்கள் என்பது. முதல் பீரியடில் கரும்பலகை முன்னால் நின்றவர் நான்காம் பீரியடில் சக ஆசிரியர் திருத்திய விடைத்தாள் கட்டைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

நான் கணிதத் துறையைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் துறையில் இருந்த இளைய ஆசிரியை ஒருவருக்கு வேறு பள்ளியில் இதே பொறுப்பு கிடைத்திருக்கிறது. "மிஸ், போன உடனே எதைச் செய்யணும்?" என்று கேட்டார். "ஒரே ஒரு கேள்வியை எல்லாப் பிரிவுக்கும் கொடுங்க. வர்ற தாள்களை எல்லாரும் ஒரே மேசையில உட்கார்ந்து பாருங்க. மத்தது அதுக்கப்புறம்" என்றேன். அவசரத்தில் சொன்ன பதில்தான், ஆனால் யோசித்துப் பார்த்தால் இந்தப் பொறுப்பைப் பற்றி நான் நம்புவது எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

அதன் போக்கிலேயே விட்டுவிட்டால் இந்தப் பொறுப்பு என்ன ஆகும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேலிருந்து சுற்றறிக்கை வரும், அதைக் கீழே அனுப்ப வேண்டும். கீழிருந்து படிவம் வரும், அதை மேலே அனுப்ப வேண்டும். யாராவது விடுப்பு எடுத்தால் அந்த வகுப்புக்கு ஆள் தேட வேண்டும். வினாத்தாள் அச்சுக்குப் போயிற்றா, பாடக்குறிப்பில் கையெழுத்து ஆயிற்றா, புராஜெக்டர் அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று நாள் முழுக்க ஓடும். இவை யாராவது செய்ய வேண்டிய வேலைகள்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இவை மட்டுமே நடந்தால், வருஷம் முடியும்போது எல்லாக் கோப்பும் ஒழுங்காக இருக்கும், ஒரு பிள்ளைக்குக்கூட ஒரு கணக்கு கூடுதலாகப் புரிந்திருக்காது.

அந்த ஒரு கேள்வி விஷயத்துக்கு வருகிறேன். 8 + 4 = □ + 5. பெட்டிக்குள் என்ன வரும்?

இதை முதலில் யோசித்தது நான் இல்லை. ஃபாக்னர், லெவி, கார்பென்டர் என்ற மூன்று பேர் அமெரிக்காவில் செய்து 1999-இல் வெளியிட்ட ஆய்வில் இது வருகிறது. ஆறாம் வகுப்பு மாணவர்கள் 145 பேரிடம் கேட்டிருக்கிறார்கள். 145 பேரும் 12 அல்லது 17 என்றே எழுதியிருக்கிறார்கள். சரியான விடையான 7-ஐ ஒருவர்கூட எழுதவில்லை. 12 எழுதிய பிள்ளை எட்டையும் நான்கையும் கூட்டிவிட்டு அங்கேயே நின்றுவிட்டது. 17 எழுதிய பிள்ளை கண்ணில் பட்ட எல்லா எண்ணையும் கூட்டிவிட்டது. இரண்டு பேருக்கும் கூட்டத் தெரியும். சமக்குறியைத்தான் தெரியாது. 'இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சமம்' என்று சொல்லும் குறி அது. பிள்ளைகள் அதை 'விடையை இங்கே எழுது' என்ற கட்டளையாக எடுத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் ஆறாம் வகுப்புப் பிரிவுகள் எல்லாவற்றிலும் ஒரே நாளில் இதைக் கொடுத்தோம். மதிப்பெண் கிடையாது, பெயர் எழுத வேண்டாம். சின்னத் துண்டுச் சீட்டு, ஐந்து நிமிஷம். அன்று மாலை எல்லாச் சீட்டையும் ஆசிரியர் அறை மேசையில் கொட்டி, பிரிவுவாரியாகப் பிரித்து, 12 ஒரு பக்கம், 17 ஒரு பக்கம், 7 ஒரு பக்கம் என்று அடுக்கினோம். 12 அடுக்குதான் எல்லாப் பிரிவிலும் உயரம். ஒரு பிரிவில் மட்டும் 7 அடுக்கு கண்ணுக்குத் தெரியும்படி தடிமனாக இருந்தது.

அந்தப் பிரிவின் ஆசிரியை கூட்டத்தில் வாயே திறக்க மாட்டார். எப்படி என்று கேட்டதும், "நான் ஒண்ணும் விசேஷமா செய்யலையே மிஸ்" என்றார். அவருடைய பிள்ளைகளின் நோட்டுகளை எடுத்து வரச் சொல்லிப் பார்த்தோம். 4 + 5 = 9 என்று எழுத வேண்டிய இடத்தில் பல தடவை 9 = 4 + 5 என்று எழுதிப் போட்டிருந்தார். 6 = 6 சரியா தப்பா, 3 + 4 = 5 + 2 சரியா தப்பா என்று பிள்ளைகளிடம் கேட்டு, வாக்குவாதம் செய்ய விட்டிருந்தார். முன்பு சின்ன வகுப்புகள் எடுத்தபோது வந்த பழக்கமாம். அதில் சொல்லிக்கொள்ள ஏதோ இருக்கிறது என்று அவருக்கே தோன்றவில்லை. இரண்டு அறை தள்ளி அதே பாடத்தை நடத்திக்கொண்டிருந்த எங்களுக்கும் தெரியவில்லை.

எட்டாம் வகுப்பு எடுக்கும் ஒருவர் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டே, "சமன்பாட்டுல ரெண்டு பக்கமும் எக்ஸ் வந்தா பிள்ளைங்க முழிக்கிறது இதனாலதானா?" என்றார். அதன்பிறகு பேச்சு நிற்கவில்லை. 3 + 5 = 8 × 2 = 16 என்று நீட்டிக்கொண்டே போகும் எழுத்தை நோட்டில் யாரும் சுழிப்பதில்லை என்பது வெளியே வந்தது. எட்டும் பதினாறும் எப்படிச் சமமாகும்? அவசரத்தில் கரும்பலகையில் ஆசிரியர்களே அப்படி எழுதுகிறோம் என்பதும் வெளியே வந்தது. எல்லோரும் சேர்ந்து இரண்டு விஷயம் முடிவு செய்தோம். ஆறாம் வகுப்பில் வாரம் ஒரு தடவை சரியா-தப்பா வாக்கியங்கள். எந்த வகுப்பிலும் கரும்பலகையில் அந்தச் சங்கிலி எழுத்து கூடாது. அடுத்த பருவத்தில் மறுபடி சீட்டு கொடுத்தபோது 12 அடுக்கு நன்றாகக் குறைந்திருந்தது. 17 இன்னும் பிடிவாதமாக நின்றது, அதோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இந்த வேலையைப் பள்ளியில் வேறு யார் செய்ய முடியும் என்று யோசித்துப் பாருங்கள். தலைமையாசிரியர் எல்லாப் பிரிவுச் சீட்டையும் கேட்டு வாங்கினால் அது சோதனையாகிவிடும், தாள்கள் வருவதற்கு முன்பே பிள்ளைகளுக்கு விடை சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கும். அவர் அந்தப் பாடத்தை நடத்துபவரும் இல்லை. தனி ஆசிரியர் ஒருவர் பக்கத்து அறைக்காரரிடம் போய் "உங்க பிள்ளைங்க சீட்டைக் காட்டுங்க" என்று கேட்க முடியாது, அதற்கு உரிமை இல்லை. கேட்கும் உரிமையும், அதே வாரம் அதே பாடத்தை நடத்தி அதே சிரமத்தைப் படும் அனுபவமும் சேர்ந்து இருப்பவர் நடுவில் இருப்பவர் ஒருவர்தான். ஓர் அறையில் நன்றாக நடப்பது இன்னோர் அறைக்குப் போய்ச் சேர்வது அவர் கையில் இருக்கிறது.

விவியன் ராபின்சன் என்ற நியூசிலாந்து ஆய்வாளர் இரண்டு சகாக்களுடன் சேர்ந்து 2008-இல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார். பள்ளித் தலைமை செய்யும் எந்த வேலை மாணவர் கற்றலை அதிகம் பாதிக்கிறது என்று முந்தைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஐந்து வகையாகப் பிரித்ததில், ஆசிரியர்கள் கற்றுக்கொள்வதை முன்னெடுத்து, தானும் அதில் உட்கார்ந்து பங்கெடுப்பதுதான் மிக உயர்ந்த விளைவைக் காட்டியது: 0.84 (எண் பெரிதாக இருந்தால் விளைவும் பெரிது). பாடத்தைத் திட்டமிட்டு ஒருங்கிணைப்பதும் இலக்கு வைப்பதும் தலா 0.42. ஒழுங்கான, பாதுகாப்பான சூழலை அமைப்பது 0.27. சில ஆய்வுகளை மட்டும் வைத்துக் கிடைத்த எண்கள் என்பதால் புள்ளிக்குப் பின்னால் உள்ள இலக்கங்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வரிசையை எடுத்துக்கொள்கிறேன். 'பங்கெடுப்பது' என்ற சொல்லையும். பயிற்சிக்கு ஏற்பாடு செய்து, தேநீர் சொல்லிவிட்டு, தன் அறைக்குப் போய்விடும் தலைமைக்கு அந்த எண் கிடைக்கவில்லை. தானும் அந்த மேசையில் உட்கார்ந்து சீட்டு அடுக்குபவருக்குக் கிடைத்திருக்கிறது.

ஜப்பானில் இதற்கென்றே நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வழக்கம் இருக்கிறது. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடவேளையைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனிப்பார்கள், அப்புறம் உட்கார்ந்து பேசுவார்கள். இதை நடத்திச் செல்லவே 'கென்க்யூ ஷுனின்' என்ற பொறுப்பு அங்கே பள்ளிகளில் உண்டு. அவரும் ஆசிரியர்தான். சக ஆசிரியர்களின் கற்றலைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அப்படி ஒரு ஆளை நியமித்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அடுத்தவர் வகுப்பில் போய் உட்கார்வது பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல பள்ளிகளில் உறவு கெடுவதே இதில்தான். கடைசி பெஞ்சில், கையில் படிவத்தோடு, ஆசிரியரைப் பார்த்தபடி உட்கார்ந்தால் அவருக்கு நாக்கு உலர்ந்துவிடும். நான் பக்கவாட்டில், பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்வேன். ஆசிரியரைப் பார்ப்பதில்லை, நோட்டுகளைப் பார்க்கிறேன். பிள்ளைகள் கிசுகிசுப்பதை அப்படியே எழுதிக்கொள்கிறேன்.

ஒரு தடவை தசம எண்கள் வகுப்பு. ஆசிரியை அழகாக நடத்திக்கொண்டிருந்தார். 0.35, 0.5 இரண்டில் எது பெரிது என்று கேட்டதும் முன்வரிசையிலிருந்து சரியான விடை வந்தது, அவர் அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். என் பக்கத்தில் இருந்த பையன் நண்பனிடம், "முப்பத்தஞ்சு எப்படிடா அஞ்சை விடச் சின்னதாகும்?" என்றான். நண்பன், "புள்ளி வந்தா எல்லாம் தலைகீழ், நீளமா இருந்தா சின்னது" என்றான். இரண்டாவது பையனின் விதி முதலாமவன் நினைப்பைவிட ஆபத்தானது. அந்த விதியால் நிறையக் கணக்குகளுக்குச் சரியான விடை வந்துவிடும், தப்பு வெளியே தெரியாது. வகுப்பு முடிந்ததும் நான் எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. இந்த இரண்டு வாக்கியத்தையும் மட்டும் படித்துக் காட்டினேன். "அவனா? எப்பவும் சரியா எழுதுவானே!" என்று அதிர்ந்துபோனார். மறுநாள் 0.35, 0.5, 0.475, 0.4 நான்கையும் எண்கோட்டில் வைக்கச் சொல்லி, அந்த விதி எங்கே உடைகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கும்படி செய்தார். நான் சொல்லிக் கொடுத்ததில்லை அது. பாடம் நடத்திக்கொண்டிருப்பவருக்குக் காதில் விழ வாய்ப்பில்லாத ஒன்றை நான் கேட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன், மீதியை அவர் பார்த்துக்கொண்டார்.

ஒரு நிபந்தனை உண்டு. அவர்கள் முதலில் என் வகுப்புக்கு வர வேண்டும், நான் திணறும் பாடத்துக்கு. அது நடக்காமல் நான் அவர்கள் வகுப்புக்குப் போவது முறையில்லை என்று நினைக்கிறேன்.

வயதிலும் அனுபவத்திலும் நம்மை விடப் பெரியவர்கள் துறையில் இருப்பார்கள். "இத்தனை வருஷமா இப்படித்தான் நடத்துறேன், ரிசல்ட் வரலையா?" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லி ஜெயிக்க வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் துறையில் மூத்தவர் ஒருவரிடம், தேர்வுக்கு முந்தின நாள், "சார், இந்த வினாத்தாள்ல பிள்ளைங்க எங்கெங்கே என்னென்ன தப்பு பண்ணுவாங்கன்னு எழுதிக் கொடுங்க" என்று கேட்டேன். கேள்விவாரியாக எழுதித் தந்தார். விடைத்தாள் வந்தபோது அவர் எழுதியதில் பெரும்பகுதி அப்படியே இருந்தது. அந்தப் பட்டியல் இளைய ஆசிரியர்களுக்கு எந்தப் பயிற்சி முகாமை விடவும் உதவியது. 'வரும் என்று தெரிந்த தப்பை வராமல் தடுக்க என்ன செய்யலாம்' என்ற பேச்சைத் தொடங்கி வைத்தவரும் அவர்தான். அனுபவம் உள்ளவரிடம் அனுபவத்தைக் கேட்டு வாங்குவது நம் வேலை. ஆனால் ஒரு பிள்ளையை வகுப்பு முன்னால் அவமானப்படுத்துவது, வாரக்கணக்கில் நோட்டு திருத்தாமல் விடுவது போன்றவற்றில் மூத்தவர், இளையவர் கணக்கு கிடையாது. அன்றைக்கே, தனியாக, நேராகச் சொல்லிவிட வேண்டும்.

மேலே பேசுவதும் இந்தப் பொறுப்பில் ஒரு பாதி. "சார், இந்தப் படிவத்துக்கு ஒவ்வொருத்தருக்கும் ஒரு பீரியட் போகும். நிரப்பினதை யார் படிக்கப்போறாங்க, எதுக்குப் பயன்படப்போகுது?" என்று மரியாதையோடு கேட்க வேண்டும். நல்ல தலைமையாசிரியர்கள் இதைக் கேட்டுக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. பல சமயம் அவர்களுக்கும் அந்தப் படிவம் வேறு எங்கிருந்தோ வந்திருக்கும், சேர்ந்து சுருக்கிவிடலாம். அதே போல, ஒரு முடிவு எடுத்தாகிவிட்டது என்றால் துறைக் கூட்டத்தில் வந்து "மேலே சொல்லிட்டாங்க, நான் என்ன பண்றது" என்று கைவிரிக்கக் கூடாது. காரணம் தெரிந்தால் சொல்ல வேண்டும், தெரியாவிட்டால் போய்க் கேட்டுக்கொண்டு வர வேண்டும்.

மதிப்பெண் பட்டியல் பற்றியும் ஒரு வார்த்தை. பிரிவுவாரியாகச் சராசரியை அடுக்கிச் சுவரில் ஒட்டினால் ஆசிரியர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் ஒளிக்கத் தொடங்குவார்கள். கேள்விவாரியாகப் பார்த்தால் பேச்சே வேறு. ஒரு கேள்வி எல்லாப் பிரிவிலும் தப்பாகியிருந்தால் நாங்கள் எல்லோரும் அதை நடத்தும் முறையில் ஏதோ இருக்கிறது, இல்லையென்றால் கேள்வியே சரியில்லை. ஒரு பிரிவில் மட்டும் சரியாக வந்திருந்தால் அங்கே போய்க் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது.

நன்றாகப் பாடம் நடத்துபவரை எல்லாம் இந்தப் பொறுப்புக்குத் தள்ளிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சிங்கப்பூரில் 2001-இல் ஆசிரியர் பணியை மூன்று பாதைகளாகப் பிரித்தார்கள். நிர்வாகத் தலைமை வேண்டுபவர் ஒரு வகுப்பு நிலைக்குப் பொறுப்பான நிலைத் தலைவர், துறைத் தலைவர், துணை முதல்வர் என்று போகலாம். வகுப்பறையிலேயே இருக்க விரும்புபவர் மூத்த ஆசிரியர், முதன்மை ஆசிரியர் என்று அதிலேயே உயரலாம். மூன்றாவது பாதை தனித்துறை வல்லுநர்களுக்கு. பதவி உயர்வு வேண்டும் என்பதற்காக மட்டும் ஒருவர் கோப்பு தூக்க வேண்டிய கட்டாயம் அங்கே குறைகிறது. எல்லா இடத்திலும் இப்படி ஒரு வழி இருந்தால் நல்லது.

இங்கிலாந்து விஷயம் வேறு மாதிரி. 2019 செப்டம்பரில் வந்த முறைப்படி, அங்கே பள்ளிகளை ஆய்வு செய்யும் அமைப்பான ஆஃப்ஸ்டெட்டின் ஆய்வாளர்கள் பாடத் தலைவர்களையே நேரில் உட்காரவைத்து, பாடம் ஏன் இந்த வரிசையில் போகிறது, பிள்ளைகளுக்கு என்ன நினைவில் நிற்கிறது என்று கேட்டார்கள். கேள்வி அருமையானது, கேட்க வேண்டிய ஆளும் அவர்தான். ஆனால் சின்னத் தொடக்கப் பள்ளிகளில் ஒரே ஆசிரியர் முழுநேரம் வகுப்பெடுத்துக்கொண்டு இரண்டு மூன்று பாடங்களுக்கும் பொறுப்பாக இருப்பார். அதற்கென்று தனி நேரமும் இருக்காது, தனிச் சம்பளமும் இருக்காது. பொறுப்பைக் கேட்டுவிட்டு நேரத்தைக் கொடுக்காமல் விட்டால் அவர் தூக்கத்திலிருந்துதான் அந்த நேரம் வரும்.

அதனால் தலைமையாசிரியர்களிடம் நான் கேட்பது இதுதான். துறையில் உள்ள எல்லோருக்கும் வாரத்தில் ஒரு பீரியட் ஒரே சமயத்தில் காலியாக இருக்க வேண்டும். துறைத் தலைவருக்கு அது போக இன்னும் ஒன்றிரண்டு, அடுத்தவர் வகுப்பில் உட்கார. அந்தப் பீரியடை விடுப்பில் இருப்பவருக்குப் பதில் வகுப்பு எடுக்கப் பயன்படுத்தக் கூடாது. எல்லா வகுப்பையும் அடைத்துவிட்டுக் கடைசியில் மிச்சம் தேடினால் இந்தப் பொதுப் பீரியட் கிடைக்கவே கிடைக்காது. ஆய்வகம் ஒன்றுதான் என்பதற்காக ஆய்வக வகுப்புகளை முதலில் பொருத்துகிறோம் அல்லவா, அதே போல இதையும் முதலிலேயே பொருத்திவிட வேண்டும். எங்கள் பள்ளியில் அட்டவணை போடுபவர் அப்படித்தான் செய்து கொடுத்தார். முதலில் முடியவே முடியாது என்றார். இரண்டு நாள் கழித்து வந்து, விளையாட்டு வகுப்புகளை இடம் மாற்றினால் வருகிறது என்று தாளைக் காட்டினார்.

புதிதாகப் பொறுப்பேற்கப் போகிறவர்கள் அட்டவணை வேலை தொடங்கும் முன்பே, கையில் ஒரு சின்னத் திட்டத்தோடு போய் இதைக் கேட்டுவிடுங்கள். அட்டவணையை ஒட்டிய பிறகு கேட்டால், மனமிருந்தாலும் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.